எட்டுச் சீட்டு, எழுபது வழி

திருப்பத்தூரிலிருந்து தினமும் கம்பெனி பஸ் பிடித்து ஆம்பூருக்குப் போகிறாள் என் மச்சினிச்சி. ஷூ கம்பெனியில் அப்பர் தைக்கிற வேலை. போன வாரம் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தாள்.

"எங்க டேபிள் மந்தமாம் மாமா. இன்சென்டிவ் கட்டுன்னுட்டார் சூப்பர்வைசர்."

ஒரே ஒரு நாள் கணக்கு. முதல் டேபிளில் நாலு பேர் தைத்தது 45, 42, 39, 38 ஜோடி. சராசரி 41. இவள் டேபிளில் 41, 38, 37, 36. சராசரி 38. மூன்று ஜோடி குறைச்சல். முடிந்தது விசாரணை!

நான் பி.காம். ஸ்டாடிஸ்டிக்ஸ் பேப்பரில் 'டி டெஸ்ட்' சூத்திரத்தை மனப்பாடமாக எழுதிவிட்டு, ஹாலை விட்டு வெளியே வருவதற்குள் மறந்தவன். நல்லவேளை, இதற்குச் சூத்திரம் வேண்டாம். காலண்டர் தாளைக் கிழித்து, எட்டு எண்களையும் எட்டுச் சீட்டில் எழுதித் தாம்பாளத்தில் போட்டேன்.

"ரெண்டு டேபிளுக்கும் வித்தியாசமே இல்லைன்னு வெச்சுக்கோ. அப்ப இதுல எந்த நாலு சீட்டு உன் பக்கம் வந்திருந்தாலும் ஆச்சரியமில்லை."

எட்டில் நாலைப் பொறுக்க 70 வழி. எழுபதையும் எழுதிப் பார்த்தோம் (வீட்டில் ராத்திரி டிபன் லேட்). அதில் 14 வழிகளில் சராசரி வித்தியாசம் மூன்றோ, அதற்கு மேலோ வந்தது. ஏழில் இவள் டேபிள் தோற்றது, ஏழில் ஜெயித்தது! ஆக, வெறும் குலுக்கலிலேயே ஐந்துக்கு ஒரு தடவை இப்படி நேரும். இருபதுக்கு ஒன்றுக்கும் கீழே போனால்தான் ஸ்டாடிஸ்டிக்ஸ்காரர்கள் வழக்கமாகப் புருவத்தை உயர்த்துவார்கள்.

இதற்குப் பெயர் பெர்முடேஷன் டெஸ்ட். விதை போட்டவர் இங்கிலாந்தின் ரொனால்டு ஃபிஷர். 1935-ல் வந்த அவர் புத்தகத்தில் ஓர் அம்மணி, கோப்பையில் முதலில் ஊற்றியது பாலா, டீயா என்பதைக் குடித்தே சொல்வேன் என்கிறார். எட்டுக் கோப்பை, நாலுக்கு நாலு. குருட்டாம்போக்கில் அத்தனையும் சரியாக வர 70-ல் ஒரே ஒரு வாய்ப்பு. அதே எழுபது! சராசரிகளை ஒப்பிட இந்த வழியை 1937-ல் விரித்து எழுதினார் ஆஸ்திரேலியாவின் பிட்மன்.

"அப்ப நாங்க மந்தமில்லைன்னு நிரூபிச்சாச்சா மாமா?"

"இல்லை. மந்தம்னு அவர் நிரூபிக்கலை. அவ்வளவுதான்."

அப்புறம்தான் சொன்னாள், முதல் டேபிளில் புது மெஷின்களாம். அப்படியானால் குறைச்சல் ஆளிலா, மெஷினிலா? யார் எங்கே உட்காருவது என்பதையே தினமும் குலுக்கிப் போட்டுப் பல நாள் பார்த்தால்தான் தெரியும். ஃபிஷரின் கட்சியும் அதுதான். உத்திரமேரூரில் ஆயிரம் வருஷத்துக்கு முன்பே குடவோலை போட்டவர்களுக்கு இதெல்லாம் புதுசா என்ன?

மறுநாள் தைரியமாகக் கேட்டேவிட்டாள்: "சீட்டுக் குலுக்கி உட்கார வைங்க சார். பத்து நாள் பார்த்துட்டு கட் பண்ணுங்க."

சூப்பர்வைசர் யோசித்தாராம். இந்த மாசம் கட் இல்லை என்றும் சொல்லிவிட்டாராம்.

"யாரும்மா உனக்கு இதெல்லாம் சொல்லிக் கொடுத்தது?"

"எங்க மாமா சார். பி.காம்."

"ஸ்டாடிஸ்டிக்ஸ்ல என்ன மார்க்?"

அதற்கு மட்டும் பதில் சொல்லாமல் வந்துவிட்டாளாம். நல்ல பெண்!