கஸ்டம்ஸ்காரர்கள் வாங்கிய கடிகாரம்

பி.காமில் எனக்கு டிப்ரிஸியேஷன் சொல்லிக் கொடுத்தார்கள். எந்தச் சாமானும் வருஷா வருஷம் மதிப்புக் குறைந்து, கடைசியில் லெட்ஜரில் ஒரு ரூபாயாக உட்கார்ந்திருக்கும். பழைய கடிகாரம் சேர்க்கிறவர்கள் அந்தப் பீரியடுக்குக் கட் அடித்தவர்கள் போலிருக்கிறது. அவர்கள் கணக்கில் சாமானுக்கு நூறு வயசான பிறகுதான் விலையே ஆரம்பம்.

அமெரிக்கக் கடிகாரம் தேடுகிறவர்களுக்கு கனெக்டிகட் மாநிலம்தான் காசி, ராமேஸ்வரம் எல்லாம். அங்கே எலி டெர்ரி என்பவர் 4000 கடிகாரங்கள் செய்து தர கான்ட்ராக்ட் எடுத்தார். 1807-ல் ஆரம்பித்து மூன்றே வருஷத்தில் முடித்தும் விட்டார். உள்ளே பல்சக்கரங்கள்கூட மரம். தண்ணீரில் ஓடும் மெஷினில் எல்லாவற்றையும் ஒரே அளவில் வெட்டினார். ஒன்றின் சக்கரம் இன்னொன்றில் பொருந்தும்.

டெர்ரியிடம் கடிகாரப் பெட்டி செய்யப் போன தச்சர் சான்ஸி ஜெரோம். நம்ம ஹீரோ இவர்தான்.

மரச் சக்கரத்தைக் கப்பலில் ஏற்றினால் கடல் ஈரத்தில் ஊதிக்கொள்ளும். ஜெரோம் பித்தளைத் தகட்டில் சக்கரங்களை அச்சுப் போட்டு வெட்டி, மலிவாகக் கடிகாரம் செய்தார். 1842-ல் இங்கிலாந்துக்கு அனுப்பினார். இன்வாய்ஸைப் பார்த்த கஸ்டம்ஸ்காரர்களுக்குச் சந்தேகம். இந்த விலைக்கு யாராவது கடிகாரம் விற்பானா? வரியை ஏய்க்கத்தான் விலையைக் குறைத்துப் போட்டிருக்கிறான்!

அந்த ஊர்ச் சட்டப்படி, இன்வாய்ஸ் விலைக்கு மேல் பத்து சதவிகிதம் கொடுத்துச் சரக்கை அரசாங்கமே எடுத்துக்கொள்ளலாம். எடுத்துக்கொண்டார்கள். தண்டனையாம்! ஜெரோமுக்கோ கமிஷன் இல்லை, கடன் பாக்கி இல்லை, கையில் ரொக்கம். சந்தோஷமாக அடுத்த லோடு அனுப்பினார். அதையும் எடுத்தார்கள். மூன்றாவது லோடு வந்தபோதுதான் விஷயம் புரிந்து, 'நீயே விற்றுக்கொள்ளப்பா' என்று விட்டுவிட்டார்கள்.

இத்தனை சமர்த்தர் எங்கே சறுக்கினார்? சர்க்கஸ் புகழ் பார்னம் சம்பந்தப்பட்ட ஒரு கடிகாரக் கம்பெனியைத் தன் கம்பெனியோடு சேர்த்துக்கொண்டதில். 1856-க்குள் எல்லாம் திவால். யார் கடன் யாரைக் கவிழ்த்தது என்று இரண்டு பேரும் ஆளுக்கொரு சுயசரிதையில் அடித்துக்கொண்டார்கள். ஜெரோம் அறுபது வயசுக்கு மேல் பிறரிடம் சம்பளத்துக்குப் போய், 1868-ல் ஏழையாகச் செத்தார். பார்ட்னர்ஷிப்புக்கு யாராவது கூப்பிட்டால் சொத்து எவ்வளவு என்று அப்புறம் கேளுங்கள். கடன் எவ்வளவு என்று முதலில் கேளுங்கள்.

கடிகாரம் சேர்க்கும் ஆசை உள்ளவர்களுக்கு இரண்டு யோசனை. ஒன்று, பெட்டிக்குள் ஒட்டியிருக்கும் காகித லேபிளையும் மெஷினில் குத்தியிருக்கும் பெயரையும் ஒப்பிட்டுப் பாருங்கள். வேறு வேறாக இருந்தால் எவனோ ஒன்றின் உடம்பில் இன்னொன்றின் குடலை வைத்திருக்கலாம். சேகரிப்பாளர்கள் இதற்கு வைத்திருக்கும் பெயர் 'மேரேஜ்'. கல்யாணமானால் அங்கே மார்க்கெட் இறங்கிவிடும்.

இரண்டு, புது வார்னிஷ், புது டயல் பெயின்ட் என்று பளபளத்தால் விலை குறையும். அழுக்கைத் துடைக்கலாம், வயசைத் துடைக்கக் கூடாது.

டெர்ரி பிற்பாடு செய்த, தூணும் சுருளும் வைத்த அழகான மாடல்களுக்கு இன்றும் நல்ல விலை. ஜெரோமின் கடிகாரங்களோ அன்றைக்கு ஏராளமாகச் செய்ததால் இன்றைக்கும் சல்லிசு. தினம் ஒரு தரம் சாவி கொடுத்தால் போதும், முப்பது மணி நேரம் ஓடும்.

கம்பெனிக்குத்தான் சாவி கொடுக்க ஆளில்லாமல் போயிற்று.