மூணு சூடு கணக்கில் சேராது

மூன்று குண்டு சுட்டு வேகம் பார்த்துவிட்டு "என் தோட்டாவில் வித்தியாசமே இல்லை" என்று மார்தட்டுகிறவர்களோடு எனக்கு ஒரு சண்டை இருக்கிறது. வடக்கனந்தலில் கோமுகி அணைக் காற்று வாங்கிக்கொண்டிருக்கும் ஓய்வுபெற்ற இயற்பியல் வாத்தியாருக்கு இது எதற்கு என்பீர்கள். காரணம் என் அக்கா மகன். டெக்சாஸில் இருக்கிறான். சுட்ட தோட்டாவின் காலிக் கூட்டை எடுத்து, புது பிரைமர் வைத்து, மருந்தை நிறுத்துப் போட்டு, குண்டைப் பொருத்தி மறுபடி சுடுவது அங்கே சட்டத்துக்கு உட்பட்ட பொழுதுபோக்கு. (இங்கே யாரும் ஆசைப்பட வேண்டாம். 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது குற்றம்.)

போன மாதம் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினான். குரோனோகிராஃப் என்கிற வேகம் அளக்கும் கருவியின் திரை.

"மாமா, எஸ்.டி. அஞ்சு அடிதான்!"

"எத்தனை சூடுடா?"

"மூணு."

எஸ்.டி. என்றால் நம் பாடப்புத்தகத்துத் திட்ட விலக்கம். குண்டுகளின் வேகம் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறுகிறது என்பதன் அளவு. மூன்று சூட்டில் அது வினாடிக்கு 5 அடி என்று வந்தால், உண்மையான சிதறல் 2.6 அடியாகவும் இருக்கலாம், 31 அடியாகவும் இருக்கலாம். 95 சதவீத நம்பிக்கையோடு சொல்ல முடிந்தது அவ்வளவுதான். இருபது சூடு சுட்டு அதே 5 வந்தால் 3.8க்கும் 7.3க்கும் நடுவில் என்று சொல்லலாம். கருவி பொய் சொல்லவில்லை. இப்போது வரும் ரேடார் கருவிகள் மிக நன்றாகவே அளக்கின்றன. ஆனால் கேட்ட கேள்விக்குத்தானே அது பதில் சொல்லும்?

இதைவிட மோசம், அவர்கள் மருந்தின் அளவைத் தேர்ந்தெடுக்கும் விதம். ஐந்து அளவுகளில் மும்மூன்று தோட்டா சுட்டு, எதில் எஸ்.டி. குறைவோ அதற்குக் கிரீடம். ஐந்து பையன்களிடம் மும்மூன்று ஒரு மார்க் கேள்வி கேட்டு, மூன்றும் சொன்னவனை மாவட்ட முதல் மாணவன் என்று அறிவிப்பது போல. அடுத்த வாரம் சுட்டால் வேறொன்று ஜெயிக்கும். உடனே வெயில் மேல் பழி, மருந்து டப்பா மேல் பழி.

"வேகம் எதுக்கு மாமா, இலக்குல ஓட்டை நெருக்கமா விழுந்தா போதாதா?" என்று அவன் சிநேகிதர்கள் கேட்கிறார்களாம். போதாது. வினாடிக்கு 800 மீட்டரில் போகும் குண்டு, காற்றே இல்லை என்று வைத்துக்கொண்டாலும், 100 மீட்டரில் 7.7 சென்டிமீட்டர் கீழே இறங்கும். வேகம் ஒரு சதவீதம் குறைந்தால் கூடுதல் இறக்கம் ஒன்றரை மில்லிமீட்டர். யார் கண்ணுக்குத் தெரியும்? 500 மீட்டரில் அதுவே 4 சென்டிமீட்டர். காற்றைச் சேர்த்தால் இன்னும் அதிகம். அவர்கள் 100 மீட்டரில் சோதித்த தோட்டாவை நம்பி மானை எங்கேயோ நிறுத்திச் சுடுகிறார்கள். அது வயிற்றில் குண்டோடு ஓடிப்போய்ப் புதரில் கிடந்து சாகும்.

ஆள் தப்புவதும் இதில்தான் இருக்கிறது. துப்பாக்கி அறைக்குள் அழுத்தத்தை வீட்டில் எளிதில் அளக்க முடியாது. .308 வின்செஸ்டர் தோட்டாவுக்கு அமெரிக்கத் தொழில் தரம் வைத்த உச்சம் சதுர அங்குலத்துக்கு 62,000 பவுண்டு. போல்ட் இறுகினால், பிரைமர் தட்டையானால் நிறுத்துகிறேன் என்பார்கள். அந்த அறிகுறி வரும்போது பல சமயம் எல்லை தாண்டியிருக்கும். அதே மருந்து, அதே குண்டு, அதே நீளக் குழல். வேகம் மட்டும் கையேட்டைவிட அதிகம் என்றால் அது பரிசு இல்லை, அழுத்தம் கூடியிருக்கிறது என்ற எச்சரிக்கை. முகத்துக்கு நாலு விரற்கடையில் வெடிக்கிற பொருள். கருவி சொல்லும்போது கேட்க வேண்டாமா?

நம் கல்வராயன் மலைப் பக்கம் உரிமம் இல்லாத நாட்டுத் துப்பாக்கி பிடிபட்டதாக அவ்வப்போது செய்தி வரும். உள்ளங்கை அளவில் மருந்து கொட்டி, கம்பியால் இடித்துச் சுடுகிற சாமான். "கைக்கணக்கு தப்பாது" என்பதுதான் அவர்கள் சாஸ்திரம். ஐயாயிரம் டாலர் துப்பாக்கி வைத்திருக்கிறவனின் மூணு சூடு எனக்கு அதே கைக்கணக்காகத்தான் படுகிறது, திரையில் தசமப் புள்ளி இருக்கிறது என்பதைத் தவிர.

குண்டின் வேகத்தை முதலில் உருப்படியாக அளந்த மனிதர் செத்தது நம் பழைய தென்னாற்காடு மாவட்டத் தலைநகரில்தான். பெஞ்சமின் ராபின்ஸ், ஆங்கிலேயர். 1742இல் பீரங்கிக் கலை பற்றி அவர் எழுதிய புத்தகத்தை 1745இல் ஆய்லரே ஜெர்மனில் மொழிபெயர்த்து உரை எழுதினார். கிழக்கிந்தியக் கம்பெனியின் கோட்டைகளைச் சீர்செய்ய வந்தவர், கடலூர் தேவனாம்பட்டினத்து செயின்ட் டேவிட் கோட்டையில் 1751 ஜூலை 29இல் இறந்தார். அவர் கருவி ஒரு தொங்கும் மரக்கட்டை. குண்டு பாய்ந்ததும் கட்டை ஊசலாடும். எவ்வளவு ஆடியது என்பதை ஒரு நாடா காட்டும். 10 கிராம் குண்டு 800 மீட்டர் வேகத்தில் 10 கிலோ கட்டைக்குள் புகுந்தால் கட்டை உயர்வது மூன்றேகால் சென்டிமீட்டர். அந்தச் சின்ன அசைவிலிருந்து வேகத்தைக் கணக்கிட்டார். கனமான குண்டைக் காற்று பெரிதாகத் தடுக்காது என்று அதுவரை பீரங்கிக்காரர்கள் நம்பியிருந்தார்கள். குண்டின் எடையைப்போலப் பல மடங்கு தடுக்கிறது என்று இவர் காட்டினார். மோதல் பாடத்தில் இந்தக் கணக்கை வருஷா வருஷம் போடுகிறோம், கடலூர் என்று ஒரு வார்த்தை சொல்வதில்லை. அது தனிச் சண்டை.

கடைசியாக அவர்கள் சொல்வது செலவு. குண்டு விலை, குழல் தேய்மானம். சரி, ஐந்து அளவில் மும்மூன்று என்று பதினைந்து தோட்டா செலவழித்தாய் அல்லவா? கையேட்டின் குறைந்த அளவிலிருந்து மெல்ல ஏறி, அழுத்தம் பத்திரமா என்று பார்ப்பது வேறு வேலை, அதைச் செய்தே ஆக வேண்டும். அதற்குப் பிறகு அந்தப் பதினைந்தையும் ஒரே அளவில் சுடு. 5 என்று வந்தால் உண்மை 3.7க்கும் 7.9க்கும் நடுவில். அதே காசு, அதே தேய்மானம்.