டப்பாவின் மேல் சிப்பின் பெயர் எங்கே?

2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10க்கு அளித்துவந்த வழக்கமான ஆதரவை மைக்ரோசாப்ட் கம்பெனி நிறுத்திக்கொண்டது. விண்டோஸ் 11 வேண்டுமென்றால் புதிய வகை பிராசஸரும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு அமைப்பும் வேண்டுமாம். நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் இயந்திரத்தை மூலையில் போட்டுவிட்டுப் புதிதாக வாங்கு என்பதல்லாமல் இதற்கு வேறு என்ன பொருள்? பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுகிற திருமுக்கூடல் போன்ற ஊர்களில் கூலி வேலை செய்யும் குடும்பங்கள் புதிய மடிக்கணினிக்கு எங்கே போகும்?

ஆகவே பலர் லினக்ஸின் பக்கம் திரும்புகிறார்கள். விலை கிடையாது, பழைய இயந்திரத்திலும் ஓடும், மூல நிரலை யாரும் படிக்கலாம், திருத்தலாம். இதை நாம் மனமார வரவேற்கிறோம்.

ஆனால் வாசலிலேயே ஒரு சிறு முள் காலில் தைக்கிறது. பழைய மடிக்கணினியில் உள்ளே இருந்த வைஃபை கெட்டுப்போயிருக்கும். சில நூறு ரூபாய் கொடுத்து யூஎஸ்பியில் செருகும் ஒரு வைஃபை டாங்கிளை வாங்குகிறார்கள். செருகினால் விளக்கு எரிகிறது, இணைப்பு வருவதில்லை. டிரைவரை இறக்கிக்கொள் என்கிறார்கள். டிரைவரை இறக்க இணையம் வேண்டும். இணையம் வர டிரைவர் வேண்டும். பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம், கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும் என்ற கதைதான்! கடைசியில், “லினக்ஸ் உதவாது, உனக்குக் கணினி தெரியாது” என்று தீர்ப்பு வந்துவிடுகிறது.

இது பொய்த் தீர்ப்பு என்று நாம் சொல்கிறோம். குற்றவாளி லினக்ஸும் அல்ல, அந்த மாணவனும் அல்ல.

டாங்கிளுக்குள் இருப்பது ஒரு சிப். அந்தச் சிப்புக்கும் கணினிக்கும் நடுவே நின்று பேசும் துபாஷிதான் டிரைவர். சிப்பின் பாஷையைத் தெரிவித்தால் லினக்ஸின் கெர்னலிலேயே துபாஷியை உட்காரவைத்து விடலாம். செருகியவுடன் வேலை செய்யும். ஏஆர்9271 சிப்பும், 2015 முதல் எம்டி7601யூ சிப்பும் அப்படித்தான் வேலை செய்கின்றன. ஆர்டிஎல்8812ஏயூ என்ற சிப்போ பத்தாண்டுக்கும் மேலாகச் சந்தையில் விற்றபின், 2025இல் வெளிவந்த 6.14 கெர்னலில்தான் இடம் பெற்றது. அதுவரை ஆங்காங்கே கிடைத்த நிரலை எடுத்து, ஒவ்வொருவரும் தம் கணினியில் தாமே தொகுத்துக்கொள்ள வேண்டியிருந்தது. கெர்னல் புதுப்பிக்கப்பட்டால் மறுநாள் அது உடைந்துபோகும்.

இதைவிட மோசம் பெயர் மாறாட்டம். டிபி-லிங்க் கம்பெனியின் டிஎல்-டபிள்யூஎன்722என் என்ற டாங்கிளின் முதல் பதிப்பில் ஏஆர்9271 இருந்தது. அடுத்த பதிப்பில் பெயர் அதே, உள்ளே இருப்பது வேறு கம்பெனியின் சிப்! நண்பனிடம் கேட்டு அதே பெயரை வாங்கியவன் ஏமாந்துபோவதில் ஆச்சரியம் என்ன?

ரேடியோ அலைகளுக்குச் சட்ட விதிகள் உண்டு, ஆகவே இரகசியம் அவசியம் என்று கம்பெனிகள் தரப்பில் சொல்லப்படுகிறது. விதிகள் இருப்பது மெய்தான். ஆனால் ஏஆர்9271க்குள் ஓடும் நிரலே 2013இல் திறந்துவிடப்பட்டது. வானம் இடிந்து விழவில்லை. டிரைவர் எழுதச் செலவாகும் என்பார்களோ? சிப்பின் விவரத்தைக் கொடுங்கள், காசு வாங்காமல் நாங்களே எழுதித் தருகிறோம் என்று 2007இலேயே கெர்னல் நிபுணர் கிரெக் குரோவா-ஹார்ட்மன் பகிரங்கமாக அறிவித்தார். செலவு ஒரு சாக்கு. தடையாக நிற்பது மனமின்மை.

திருமுக்கூடல் வெங்கடேசப் பெருமாள் கோயிலில் 11ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த வீரராஜேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு இருக்கிறது. அங்கே நடந்த கல்விச்சாலையையும், 15 படுக்கைகள் கொண்ட மருத்துவச்சாலையையும் அது விவரிக்கிறது. இருப்பு வைக்க வேண்டிய மருந்துகளின் பெயர்களும் அதில் உண்டு. மன்னராட்சியைப் புகழ நாம் வரவில்லை. அந்தக் கல்வி யாருக்குக் கிடைத்தது, யாருக்குக் கிடைக்கவில்லை என்பது நமக்குத் தெரியும். ஆனாலும் கேட்கிறோம்: அலமாரியில் என்ன மருந்து என்று அன்று கல்லிலே வெட்டிவைத்தார்கள், டப்பாவுக்குள் என்ன சிப் என்று இன்று அட்டையில் ஒரு வரி அச்சடிக்க முடியாதா?

சர்க்காருக்கும் இதில் பொறுப்பு உண்டு. லினக்ஸ் தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. எல்காட் நிறுவனம் 2007 வாக்கிலேயே லினக்ஸுக்கு மாறிக் காட்டியது. சி-டாக் உருவாக்கிய போஸ் லினக்ஸ், 2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் மாணவர் கைக்கு வந்தது. பக்கத்துக் கேரளத்தில் அரசுப் பள்ளிகளின் கணினிக் கல்வியே கட்டற்ற மென்பொருளில் நடக்கிறது. லட்சக்கணக்கில் வாங்கும் சர்க்கார் ஒரு நிபந்தனை போட்டால் எந்தக் கம்பெனி மறுக்கும்?

நமது கோரிக்கைகள் இவை. ஒன்று: ஒவ்வொரு டாங்கிளின் அட்டையிலும் சிப்பின் பெயரும் பதிப்பு எண்ணும் அச்சிடப்பட வேண்டும். இரண்டு: கெர்னலுக்குள் டிரைவர் இல்லாத எந்தச் சாமானையும் பொதுப் பணத்தில் வாங்கக் கூடாது. மூன்று: மாவட்ட நூலகங்களில், எந்தச் சிப் லினக்ஸில் வேலை செய்கிறது என்ற பட்டியலைத் தமிழில் வைக்க வேண்டும்.

அதுவரை சும்மா இருக்க வேண்டியதில்லை. வாங்குமுன் கடைக்காரரிடம் சிப்பின் பெயரைக் கேளுங்கள். தெரியாது என்றால் வாங்காதீர்கள். ஏற்கெனவே வாங்கியவர்கள் டெர்மினலில் எல்எஸ்யூஎஸ்பி என்ற கட்டளையைக் கொடுத்தால் சிப்பின் அடையாள எண் தெரியும். சில டாங்கிள்கள் முதலில் சிடி டிரைவ் போல வேஷம் போடும். யூஎஸ்பி மோட்ஸ்விட்ச் என்ற கருவி அந்த வேஷத்தைக் கலைக்கும். இணையம் இல்லாமல் தவிப்பவர்கள் கைப்பேசியைக் கேபிளால் இணைத்து, யூஎஸ்பி டெதரிங்கைப் போடுங்கள். பெரும்பாலும் தனி டிரைவர் இல்லாமலே இணைப்பு வந்துவிடும். கற்றுக்கொண்டதைப் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கும் சொல்லிக்கொடுங்கள்.

காசு கொடுத்து வாங்கிய பொருளுக்குள் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்வது சலுகை அல்ல, உரிமை. அதைக் கேட்டுப் பெறுவோம்!