கல்லறைத் தோட்டத்தில் தண்ணீர்... காலிச் சாலையில் சைக்கிள்!

பிரான்ஸில் சைக்கிள் என்றாலே ஜூலை மாதம் டி.வி-யில் காட்டும் 'டூர் தெ ஃபிரான்ஸ்' பந்தயம்தான் ஞாபகத்துக்கு வரும். ஆல்ப்ஸ் மலைச்சாலை, இருபுறமும் கத்தும் கூட்டம், தலைக்கு மேல் ஹெலிகாப்டர். அந்தக் கூட்டம் பிடிக்காதவர்கள் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு போகும் இடம் வேறு. நாட்டின் தென்பகுதியில் இருக்கும் செவென் மலைத்தொடர்தான் அது. அங்குள்ள லோசேர் மாவட்டத்தின் உள்சாலைகளில் ஒரு மணி நேரத்தில் எதிரே வரும் கார்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். சாலையோ பள்ளம் மேடு இல்லாமல் தார் போட்டுப் பளிச்சென்று இருக்கும்.

ஆளே இல்லாத ஊருக்கு இவ்வளவு நல்ல ரோடு எதற்கு? அந்தக் கதை தெரிந்தால்தான் அங்கே சைக்கிள் மிதிப்பதன் சுகமும் புரியும், சிக்கலும் புரியும்.

ஒருகாலத்தில் இந்த மலையில் ஆட்கள் நிறையவே இருந்தார்கள். சரிவுகளைப் படிக்கட்டு போல வெட்டி, கல் அடுக்கி, செஸ்ட்நட் மரங்களை வளர்த்தார்கள். அந்தக் கொட்டையை உலர்த்தி மாவாக்கிச் சாப்பிட்டதால் அதற்கு 'ரொட்டி மரம்' என்றே பெயர். பட்டுப்புழு வளர்க்க வைத்த மல்பெரிக்கு 'தங்க மரம்' என்று பெயர். 19-ம் நூற்றாண்டின் நடுவில் பட்டுப்புழுக்களுக்கு நோய் வந்தது. லூயி பாஸ்டர் 1865 முதல் சில ஆண்டுகள் இங்குள்ள அலேஸ் ஊருக்கு வந்து ஆராய்ச்சி செய்து வழி கண்டுபிடித்தார். ஆனால், 1869-ல் சூயஸ் கால்வாய் திறந்ததும் ஆசியப் பட்டு மலிவாக வந்து இறங்கியது. செஸ்ட்நட் மரங்களையும் வேர்நோய் தாக்கியது. ஜனங்கள் சமவெளி நகரங்களுக்கு இறங்கிப் போனார்கள். 1851-ல் லோசேரின் மக்கள்தொகை 1,44,000-க்கு மேல். இன்று 80,000-கூட இல்லை. பிரான்ஸிலேயே ஆள் குறைந்த மாவட்டம் இதுதான்.

போனவர்கள் எல்லோரும் பிழைக்கப் போனவர்கள் இல்லை. சின்னஞ்சிறு கிராமத்திலும் முதல் உலகப் போரில் இறந்தவர்களுக்கு ஒரு நினைவுக்கல் உண்டு. பத்து வீடுகள்கூடத் திறந்திருக்காத ஊரில், கல்லில் இருக்கும் பெயர்ப் பட்டியல் நீளமாக இருக்கும். ஒரே குடும்பப் பெயர் இரண்டு மூன்று முறை வரும். சைக்கிளைச் சாய்த்து வைத்து மூச்சு வாங்க நிற்பவர்கள் பெரும்பாலும் அந்தக் கல்லின் அருகேதான் நிற்கிறார்கள். ஊர் நடுவே நிழல் இருக்கும் இடம் அதுதான்.

ஆட்கள் போனாலும் சாலை போகவில்லை. 'டி' என்ற எழுத்தும் எண்ணும் போட்ட சாலைகளைப் பராமரிப்பது மாவட்ட நிர்வாகத்தின் பொறுப்பு. தபால்காரர் வர வேண்டும், பள்ளிப் பிள்ளைகளின் வேன் வர வேண்டும். இன்னொரு காரணமும் உண்டு. இங்கே மேய்கிற ஆடுகளின் பாலில்தான் புகழ்பெற்ற ரோக்ஃபோர் பாலாடைக்கட்டி தயாராகிறது. பால் வண்டி போக நல்ல ரோடு வேண்டுமே! அந்தப் பால் வண்டிப் பாதையில் சைக்கிள்காரர்கள் ஓசி சவாரி போகிறார்கள் என்றே சொல்லலாம்.

எங்கிருந்து தொடங்கலாம்? ஃப்ளோராக் என்ற சிற்றூர் வசதி. சைக்கிளுக்கு ஏற்ற பாதைகள் அங்கிருந்து நான்கு பக்கமும் பிரிகின்றன. மேற்கே தார்ன் நதியின் பள்ளத்தாக்கு. ஆற்றை ஒட்டியே சேன்ட் எனிமி வரை கிட்டத்தட்ட 28 கி.மீ. பெரிய ஏற்றம் இல்லை. ஆனால், ஜூலை, ஆகஸ்டில் கேம்பர் வேன்களும் படகு விட வருகிறவர்களும் இந்தச் சாலையை நிறைத்துவிடுவார்கள். அமைதி தேடுபவர்கள் அந்த இரண்டு மாதங்களைத் தவிர்ப்பது நல்லது. மே, ஜூன்தான் சரியான காலம்.

சேன்ட் எனிமியில் ஆற்றைக் கடந்ததும் சாலை வளைந்து வளைந்து மேலே ஏறுகிறது. ஏறி முடித்தால் கோஸ் மெழான் என்ற சுண்ணாம்புப் பீடபூமி. சுமார் 1,000 மீட்டர் உயரத்தில் கண்ணுக்கு எட்டியவரை புல்லும் கல்லும்தான். மழை பெய்தாலும் தண்ணீர் சுண்ணாம்புப் பாறைக்குள் இறங்கிவிடும்; மேலே ஓடையே கிடையாது. சதுர கிலோமீட்டருக்கு இரண்டு பேர்கூட வசிக்கவில்லை. அங்கே மங்கோலியாவின் காட்டுக் குதிரைகளான பிரஸ்வால்ஸ்கி இனத்தை 1993 முதல் வளர்க்கிறார்கள். பக்கத்து ழோன்ட் பள்ளத்தாக்கின் மேலே பிணந்தின்னிக் கழுகுகள் வட்டமிடும். அவையும் அழிந்துபோய், 1980-களில் திரும்பக் கொண்டுவந்து விடப்பட்டவை. மனிதர்கள் காலி செய்த இடத்துக்கு யாரெல்லாம் குடிவந்திருக்கிறார்கள் பாருங்கள்.

கால் வலு உள்ளவர்களின் இலக்கு எகுவால் சிகரம். உயரம் 1,567 மீட்டர். உச்சியில் 1894-ல் திறக்கப்பட்ட கோட்டை போன்ற வானிலை நிலையம் இருக்கிறது. டச்சு எழுத்தாளர் டிம் கிராபே 1978-ல் வெளியிட்ட 'தி ரைடர்' நாவல் இந்த மலையைச் சுற்றி நடக்கும் ஒரே ஒரு பந்தயத்தைப் பற்றியது. அதைப் படித்துவிட்டே பலர் இங்கு வருகிறார்கள். 2020 டூர் தெ ஃபிரான்ஸின் ஒரு கட்டம் இந்த உச்சியில்தான் முடிந்தது.

ஏறுவதைவிட இறங்குவதில்தான் ஆபத்து. எகுவாலில் இருந்து ஃப்ளோராக் பக்கம் இறங்கும் வழியில் பெர்ழுரே கணவாய் வருகிறது. 1960 டூரில் ரோழே ரிவியேர் என்ற வீரர், முன்னே போன இத்தாலிய வீரர் நென்சினியை விரட்டிக்கொண்டு இந்த இறக்கத்தில் வந்தார். ஒரு வளைவில் தவறிப் பள்ளத்தில் விழுந்தார். முதுகெலும்பு முறிந்தது. ஒரு மணி நேர தூர சாதனையைக் கையில் வைத்திருந்த அவருக்கு அப்போது வயது 24. பிறகு அவர் பந்தயமே ஓட்டவில்லை. அங்கே ஒரு நினைவுக்கல் இருக்கிறது. சாலை காலியாக இருக்கிறது என்பதற்காக பிரேக்கில் இருந்து கையை எடுக்கிறவர்கள் அந்தக் கல்லை ஒருமுறை பார்த்துவிட்டு இறங்கலாம்.

மூன்றாவது பாதை, ஃப்ளோராக்கில் இருந்து தென்கிழக்கே சேன் ழான் து கார் வரை மலை முகட்டிலேயே ஓடும் டி-9. தூரம் சுமார் 50 கி.மீ. ஒரு பக்கம் வெளுத்த பீடபூமி, மறுபக்கம் நீல நிறத்தில் அடுக்கடுக்காக மலைகள். இத்தனை அழகான சாலையைப் போட்டது ரசிப்பதற்காக அல்ல. இங்கிருந்த புராட்டஸ்டன்ட் மக்களை அடக்க, பதினான்காம் லூயி மன்னரின் ராணுவம் வேகமாக வந்து போவதற்காகப் போட்டது. 1702-ல் அந்த மக்கள் கிளர்ந்து எழுந்தார்கள். அவர்களைப் பொது மயானத்தில் அடக்கம் செய்ய அனுமதி இல்லாததால் சொந்த நிலத்திலேயே புதைத்தார்கள். இன்றும் பண்ணை வீடுகளின் ஓரத்தில், சைப்ரஸ் மரத்தடியில் அந்தக் கல்லறைகளைப் பார்க்கலாம்.

இனி வயிற்றுப்பாடு. ஆள் இல்லாத ஊரில் கடையும் இல்லை. மேப்பில் ஐந்து கிராமங்கள் தெரியும். ஐந்திலும் டீக்கடை அளவுக்குக்கூட ஒன்று இருக்காது. இருக்கிற கடையும் மதியம் 12 மணிக்குப் பூட்டினால் இரண்டு, மூன்று மணிக்குத்தான் திறக்கும். ஞாயிறு மதியமும் திங்கட்கிழமையும் நம்பிப் போகக் கூடாது. தண்ணீருக்கு பிரான்ஸ் சைக்கிள்காரர்கள் கையாளும் உத்தி ஒன்று உண்டு: கல்லறைத் தோட்டம். சமாதிப் பூக்களுக்கு ஊற்றுவதற்காக அங்கே குழாய் வைத்திருப்பார்கள். 'நோன் பொத்தாப்ள்' என்று எழுதியிருந்தால் அது குடிக்கக் கூடாத தண்ணீர். 'பொத்தாப்ள்' என்று மட்டும் இருந்தால் தைரியமாகப் பாட்டிலை நிரப்பலாம். கோஸ் மெழான் ஏறுகிறவர்கள் கீழேயே இரண்டு பாட்டில் நிரப்பிக்கொள்வது அவசியம்.

சில கிராமங்களில் ஒரே ஒரு கடை இருக்கும். காபி, ரொட்டி, மளிகை எல்லாம் அங்கேதான். அந்தக் கடை மூடினால் ஊரில் இருக்கும் வயதானவர்கள் ஒரு ரொட்டிக்காக மலை இறங்க வேண்டும். பையில் எனர்ஜி பார் நிறைய இருந்தாலும் அங்கே நின்று ஒரு காபி வாங்கிக் குடித்துவிட்டுப் போனால், குறைந்தபட்சம் அந்தக் கதவு இன்னும் கொஞ்ச நாள் திறந்திருக்கும்.

ஊருக்கு வெளியே சைக்கிளை முந்தும் வாகனம் ஒன்றரை மீட்டர் இடைவெளி விட வேண்டும் என்பது அங்கே சட்டம். இரவிலும் பனிமூட்டத்திலும் சைக்கிள்காரர் ஒளிரும் ஜாக்கெட் போட வேண்டும் என்பதும் சட்டம்தான். கியரைப் பொறுத்தவரை வெட்கப்படாமல் பெரிய பல்சக்கரத்தைப் பின்னால் மாட்டிக்கொண்டு வருவதே புத்திசாலித்தனம்.

செப்டம்பரிலும் சாலைகள் காலியாகவே இருக்கும். ஆனால் வானத்தைப் பார்த்துக் கிளம்ப வேண்டும். மத்தியதரைக் கடலின் ஈரக்காற்று இந்த மலையில் மோதி, சில மணி நேரத்திலேயே கொட்டித் தீர்த்துவிடும். 2020 செப்டம்பர் 19 அன்று எகுவால் அடிவாரத்தில் இருக்கும் வல்ரோக் பகுதியில் ஒரே நாளில் 600 மி.மீட்டருக்கு மேல் பெய்து, பாலங்களையும் சாலைகளையும் அடித்துப் போனது. வானிலைத் துறை ஆரஞ்சு அல்லது சிவப்பு எச்சரிக்கை விட்ட நாளில் சைக்கிள் அறையிலேயே இருக்கட்டும்.