கேச்சை அழிக்கும் முன் ப்ராக்ஸியைப் பாருங்கள்

கம்ப்யூட்டரில் எந்தச் சிக்கல் என்றாலும் "கேச்சைக் கிளியர் பண்ணு" என்று சொல்வது நமக்குப் பழக்கமாகிவிட்டது. பிரவுசருக்கு அது சரி. புரோகிராம் எழுதிப் பழகுபவர்களுக்கு அது கடைசி மருந்தாகத்தான் இருக்க வேண்டும் என்பது என் கருத்து.

மேலூரில் இருக்கும் என் அக்கா மகன், மதுரையில் கல்லூரி விடுதியில் தங்கிப் படிக்கிறான். ஆண்ட்ராய்டு ஸ்டூடியோவில் அவன் தயாரித்த அப்ளிகேஷனைத் திங்கட்கிழமை வகுப்பில் காட்ட வேண்டும். சனிக்கிழமை வீட்டுக்கு வந்தவன், புதிதாக ஒரு லைப்ரரியைச் சேர்த்தான். 'கனெக்ஷன் டைம்டு அவுட்' என்று பிழைச் செய்தி வந்தது. நண்பன் பேச்சைக் கேட்டு கேச் போல்டரையே அழித்தான். அதுவரை ஓடிய புரோகிராமும் நின்றது. "மாமா, எல்லாத்தையும் அழிச்சுப்புட்டேன், இப்பவும் வரலை" என்று போன் செய்தான்.

என்ன நடந்தது? அப்ளிகேஷனை உருவாக்கித் தரும் டூலின் பெயர் கிரேடில். பிறர் எழுதிய லைப்ரரிகளை இது இன்டர்நெட்டிலிருந்து ஒருமுறை இறக்கி, கேச்சில் வைத்துக்கொள்ளும். விடுதியில் ப்ராக்ஸி என்ற இடைக் கம்ப்யூட்டர் வழியாகத்தான் இன்டர்நெட். அதன் முகவரியை வீட்டுக்கு வந்ததும் ஆண்ட்ராய்டு ஸ்டூடியோவில் நீக்கிவிட்டான். ஆனால் கிரேடிலின் செட்டிங்ஸ் பைலில் அது அப்படியே இருந்தது. கல்லூரிக்குள் இருக்கும் கம்ப்யூட்டரை மேலூரிலிருந்து தேடினால் எப்படிக் கிடைக்கும்?

உங்களுக்கும் இப்படி நேர்ந்தால், விண்டோஸில் உங்கள் யூசர் போல்டரைத் திறங்கள். புள்ளியுடன் தொடங்கும் கிரேடில் போல்டரில் 'கிரேடில் புராபர்ட்டீஸ்' பைல் இருக்கும். அதில் ப்ராக்ஸி ஹோஸ்ட், ப்ராக்ஸி போர்ட் வரிகளின் முன்னால் # குறி இடுங்கள். அந்த வரிகள் செயல்படாது. கல்லூரிக்குத் திரும்பியதும் குறியை எடுத்துவிடலாம். ப்ராக்ஸி பாஸ்வேர்டும் இதே பைலில் வெளிப்படையாக இருக்கக்கூடும். யாருக்கும் காப்பி கொடுக்காதீர்கள்.

பிறகும் கேச்சில்தான் சந்தேகம் என்றால், 'ரெஃப்ரெஷ் டிபென்டன்சீஸ்' என்ற கட்டளை இருக்கிறது. இது கேச்சில் உள்ளவற்றைச் சரிபார்த்து, தேவையானதை மட்டும் மீண்டும் இறக்கும். போல்டரை அழித்தால் அத்தனையும் திரும்ப இறங்க வேண்டும். மொபைல் டேட்டாவை நம்பியிருக்கும் வீட்டில் அது ஒரு நாள் டேட்டாவையே விழுங்கிவிடும்.

அக்கா மகனுக்கு அப்படித்தான் ஆனது. மூன்று போன்களின் டேட்டா தீர்ந்து, ஞாயிறு நள்ளிரவில்தான் அப்ளிகேஷன் மீண்டும் ஓடியது. விடுதியில் சேரும் நாளில் ப்ராக்ஸி போடச் சொல்லித் தருகிறார்கள். எடுக்கவும் சொல்லித் தரலாமே!