சோதனைச்சாலையில் ஒரு சோதனை

நம் தமிழில் ‘சோதனை’ என்னும் சொல்லுக்கு இரண்டு முகங்கள். பௌதிக மாணவன் இருட்டறையில் கருவியின் முன் உட்கார்ந்து செய்வதும் சோதனைதான். கிறிஸ்தவன் நாள்தோறும் செபத்தில் தன்னைக் காக்கும்படி மன்றாடுவதும் சோதனையைக் குறித்துத்தான். புதிய ஏற்பாட்டின் கிரேக்க மூலத்திலும் இதே நிலை. ‘பெய்ராஸ்மோஸ்’ என்ற ஒரே சொல் ஒருவனைப் பரீட்சித்துப் பார்ப்பதையும் குறிக்கும். தவறான வழிக்கு இழுக்கும் ஆசையையும் குறிக்கும். நாசரேத்தில் ஞாயிறு பள்ளிக்குப் போய்வந்த நாட்களில் இந்த இரட்டைப் பொருளை நான் கவனித்ததே இல்லை. தில்லிக்கு வந்த இரண்டாம் ஆண்டில், இரண்டு சோதனைகளும் ஒரே மேசைமேல் என்னைச் சந்தித்தபோதுதான் கவனித்தேன்.

சங்க மலரில் மதப் பிரசாரமா என்று புருவம் நெரிக்கும் தோழர்கள் சற்றுப் பொறுத்தருள வேண்டும். யாரையும் மதம் மாறச் சொல்ல நான் வரவில்லை. என் மதத்தாரோடேயே எனக்கு ஒரு வழக்கு உண்டு. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

வாலிபர் கூட்டங்களில் ‘சோதனையை வெல்வது எப்படி’ என்று பேச வருகிறவர்கள் சிகரெட்டு, மது, கைப்பேசி, காதல் என்ற நான்கையே சுற்றிச் சுற்றி வருவார்கள். அவை இல்லை என்று நான் சொல்லமாட்டேன். நம் விடுதியின் மூன்றாம் மாடிக்கு ஒருமுறை சென்று வந்தாலே போதும். ஆனால் அவற்றில் விழுகிறவனுக்குத் தான் விழுகிறோம் என்பதாவது தெரியும். மாணவனைப் பிடிக்கும் பெரிய சோதனையோ நல்ல பிள்ளையின் வேடத்தில் வருகிறது. கடமை என்று தன்னைச் சொல்லிக்கொள்ளும். வீட்டாரின் நம்பிக்கை என்று சொல்லிக்கொள்ளும். அதைப் பற்றி எந்த வாலிபர் கூட்டத்திலும் யாரும் எனக்குச் சொல்லவில்லை.

எனக்கு வந்தது எண்ணெய்த் துளி வடிவில். மில்லிகனின் எண்ணெய்த் துளிப் பரிசோதனையைப் பௌதிகத் தோழர்கள் அறிவார்கள், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். இரண்டு உலோகத் தட்டுகளுக்கு நடுவே எண்ணெயைப் பனிபோலத் தெளிப்போம். ஒவ்வொரு துளியும் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கோ இரண்டு பங்கோதான் இருக்கும். பக்கவாட்டில் ஒளியைப் பாய்ச்சி நுண்பெருக்கியில் பார்த்தால், இருண்ட வானத்தில் விண்மீன்கள்போல் அவை மினுங்கும். சும்மா விட்டால் துளி மெல்லக் கீழே இறங்கும். தட்டுகளுக்குச் சில நூறு வோல்ட் கொடுத்தால் மேலே ஏறும். இறங்கும் நேரத்தையும் ஏறும் நேரத்தையும் அளந்து கணக்கிட்டால் துளியின் மேலுள்ள மின்னூட்டம் கிடைக்கும். எல்லாத் துளிகளின் மின்னூட்டமும் ஒரே சிறிய அளவின் மடங்குகளாகவே வரவேண்டும். அந்தச் சிறிய அளவுதான் எலெக்ட்ரானின் மின்னூட்டம், 1.602 × 10⁻¹⁹ கூலும்.

விடை முன்பே தெரியும் என்பதுதான் இந்தப் பரிசோதனையின் விஷம்.

மூன்று வாரம், இரவு இரவாக உட்கார்ந்து 31 துளிகளை அளந்தேன். அவற்றில் 24 துளிகள் சொன்னபடி கேட்டன. மடங்குகளில் வந்து நின்றன. சராசரி 1.61. மற்ற ஏழும் எதற்கும் அடங்கவில்லை. அவற்றையும் சேர்த்தால் என் வரைபடம் கோழி கிளறிய குப்பைபோல் இருந்தது. திங்கட்கிழமை அறிக்கையை ஒப்படைக்க வேண்டும். வியாழன் இரவு இரண்டு மணிக்கு ரெக்கார்டு நோட்டில் 24 துளிகளையும் அழகாகப் பட்டியலிட்டேன். அளந்த துளிகள் யாவும் மேலே தரப்பட்டுள்ளன என்று அடியில் ஒரு வாக்கியமும் எழுதினேன். அப்போது கை நடுங்கியது என்று எழுதினால் படிக்க நன்றாயிருக்கும். நடுங்கவில்லை. எழுத்து முத்து முத்தாக வந்தது.

நான் யார் வீட்டுப் பணத்தையும் எடுக்கவில்லையே என்று மனம் வாதாடியது. உண்மையான விடைக்கு அருகில்தானே போகிறேன், இதில் பொய் எங்கே வந்தது என்றும் கேட்டது. (வள்ளுவர் கள்ளாமை அதிகாரத்தில் களவை நினைப்பதையே குற்றமாக்கிவிட்டார். மலைப்பிரசங்கத்தில் இயேசுவும் செயலுக்கு முந்திய எண்ணத்தைத்தான் பிடிக்கிறார். இரண்டையும் மனப்பாடமாகச் சொல்லிப் பரிசு வாங்கியவன் நான்.)

என் பக்கம் ஒரு பெரிய சாட்சியும் இருந்தார். அவர் மில்லிகனேதான். 1913-இல் வெளியிட்ட கட்டுரையில் அவர் 58 துளிகளின் கணக்கைத் தந்தார். இவை பொறுக்கி எடுத்தவை அல்ல, தொடர்ந்து 60 நாட்களில் அளந்த துளிகள் அனைத்தும் இவையே என்ற பொருளில் எழுதியும் வைத்தார். பிற்காலத்தில் அவருடைய குறிப்பேடுகளை வரலாற்றாசிரியர்கள் புரட்டிப் பார்த்தபோது நூற்றுக்கு மேற்பட்ட துளிகள் அவற்றில் இருந்தன. விட்டவை பெரும்பாலும் அரைகுறையாக நின்ற அளவுகள், அவற்றைச் சேர்த்தாலும் முடிவு பெரிதாக மாறாது என்று அவருக்காகப் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்த வாதத்தில் நியாயமும் உண்டு. ஆனால் துளிகளை விட்டது ஒன்று, விடவில்லை என்று எழுதியது வேறு. அந்த மனிதர் ஒரு சபைக் குருவின் மகன். விஞ்ஞானமும் சமயமும் பகையல்ல என்று பிற்காலத்தில் நூல் எழுதியவர். 1923-இல் நோபெல் பரிசும் பெற்றார். விசுவாசி என்ற பெயர்ப்பலகை ஒருவனைக் காப்பாற்றாது என்பதற்கு எனக்கு வேறு எடுத்துக்காட்டு வேண்டியதில்லை. நானும் அன்று அதே வாக்கியத்தை அல்லவா எழுதினேன்!

படுக்குமுன் செபிப்பது என் வழக்கம். அன்றும் செபித்தேன், நல்ல மதிப்பெண் வேண்டும் என்று கேட்டேன். மறுநாள் வெட்கம் வந்து, இந்த ஆசையை என்னைவிட்டு எடுத்துவிடும் என்று கேட்டேன். ஆசை போகவில்லை. செபித்தால் சோதனை பஞ்சாகப் பறந்துவிடும் என்று சொல்லும் நம் பிரசங்கிமாரிடம் என் வழக்கு இதுதான். சிலருக்குப் பறந்திருக்கலாம். பறக்காதவன் தன் பக்திதான் போலியோ என்று எண்ணி இன்னும் ஆழமாக விழுகிறான்.

ஹோலிக்கு முந்திய அந்த ஞாயிற்றுக்கிழமை லெந்து காலத்தின் முதல் ஞாயிறு. இயேசு வனாந்தரத்தில் நாற்பது நாள் பசித்திருந்து சோதிக்கப்பட்ட பகுதியை அன்று வாசிப்பது பல சபைகளில் வழக்கம். தமிழ் ஆராதனையில் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். பிரசங்கம் எதைப் பற்றியது என்று கேட்டால் சொல்லத் தெரியாது. வாசிப்பிலேயே என் மனம் ஓரிடத்தில் நின்றுவிட்டது. சோதனைக்காரன் வாயைத் திறந்ததும் சொல்லும் முதல் சொல், ‘நீ தேவகுமாரனானால்’ என்பது. அப்பத்தின்மேல் ஆசை காட்டுவது அதற்குப் பிறகு வருகிறது. முதலில், நீ யார் என்பதை நிரூபித்துக் காட்டு என்கிறான். மத்தேயுவில் இதற்குச் சற்று முன்புதான் யோர்தான் நதிக்கரையில் பிதா அவரைத் தம் பிரியமான மகன் என்று சொல்லிவிட்டார். அவர் அதுவரை ஓர் அற்புதமும் செய்து காட்டவில்லை. ஒரு பிரசங்கமும் செய்யவில்லை. மகன் என்ற பெயர் சாதனைக்குக் கிடைத்த பரிசன்று, முன்னதாகவே கொடுக்கப்பட்டுவிட்டது. ஆகையால் கல்லை அப்பமாக்கிக் காட்டவேண்டிய தேவை அவருக்கு இல்லை. பசி மட்டும் இருந்தது.

என் ஏழு துளிகளின் மர்மம் அங்கே எனக்கு விளங்கியது. நான் 1.602-க்கு ஆசைப்படவில்லை. எங்கள் தெருவிலிருந்து எம்.எஸ்ஸி. படிக்கத் தில்லிக்கு வந்த முதல் பையன் நான். அப்பா கடன் வாங்கி அனுப்பினார். இங்கே இந்தியும் சரியாக வராது, ஆங்கிலத்திலும் நெல்லை வாடை. நீ உண்மையிலேயே கெட்டிக்காரனானால் இந்த எண் உன் நோட்டில் இருக்கவேண்டாமா என்ற ஒரு குரல் இரண்டாண்டாக என் காதருகிலேயே இருந்தது. சோதனைக்கு உயிர் கொடுத்தது ஆசையைவிட அச்சம்தான். என் கட்சி இதுவே: கிறிஸ்தவ விசுவாசம் எனக்கு இரும்பு மனத்தைத் தரவில்லை, அந்த அச்சத்தின் வேரில் கை வைத்தது. தேர்வுக்கு முன்பே ஏற்றுக்கொள்ளப்பட்டவன், ஏற்றுக்கொள்ளப்படுவதற்காக எண்ணைத் திருத்தவேண்டியதில்லை.

இதை அன்று மாலை ஒருவரிடம் சொன்னேன். பாவத்தை ஒருவருக்கொருவர் அறிக்கையிடச் சொல்லி யாக்கோபின் நிருபத்தில் ஒரு புத்தி உண்டு. அதைச் சபைக்குள் தேடாமல், தஞ்சைப் பக்கத்திலிருந்து வந்து ஆராய்ச்சி செய்யும் ஓர் அண்ணனிடம் போனேன். அவர் கடவுள் இல்லை என்பவர். எங்கள் விடுதியில் நான் கண்ட மிக நேர்மையான மனிதரும் அவர்தான். ஆகவே, தெய்வ நம்பிக்கை இல்லாதவன் சோதனையை வெல்லமாட்டான் என்று நான் எழுதினால் என் பேனாவே என்னைப் பார்த்துச் சிரிக்கும். அவர் எப்படி வெல்கிறார் என்று அவர்தான் எழுதவேண்டும். நான் எப்படித் தப்பினேன் என்பதைத்தான் நான் எழுத முடியும்.

அண்ணன் உபதேசம் செய்யவில்லை. “ஃபாரடே உங்க ஆள்தானே, தம்பி? அவர் கதை தெரியாதா?” என்றார். தெரியவில்லை. மைக்கேல் ஃபாரடே சாண்டிமேனியர் என்னும் சின்னஞ்சிறு கிறிஸ்தவ சபையைச் சேர்ந்தவர். இயற்கையின் சக்திகள் யாவும் அடியில் ஒன்றோடொன்று தொடர்புடையவை என்பதில் அவருக்கு ஆழ்ந்த நம்பிக்கை. புவியீர்ப்பும் மின்சாரமும் உறவுடையவை என்று காட்டிவிட வேண்டுமென்று பொருள்களை உயரத்திலிருந்து விழவிட்டு மின்னோட்டம் எழுகிறதா என்று பார்த்தார். எழவில்லை. மின்காந்தத் தூண்டலைக் கண்டுபிடித்த மேதை அவர். சிறிது கண்ணைச் சாய்த்திருந்தால் உலகம் நம்பியிருக்கும். அவரோ, முயன்றேன், ஒன்றும் கிடைக்கவில்லை, என் நம்பிக்கை மட்டும் அசையவில்லை என்ற கருத்தோடு 1851-இல் அதை அச்சிலேயே ஏற்றினார். 1854-இல் ராயல் இன்ஸ்டிடியூஷனில் ஆற்றிய சொற்பொழிவில், தான் விரும்புவதையே உண்மையென்று எண்ணித் தன்னைத்தானே ஏமாற்றிக்கொள்ளும் மனித இயல்பைப் பற்றி எச்சரித்தார். அவர் மில்லிகனைவிடப் பெரிய பக்திமான் என்பதல்ல என் பேச்சு. வெறுங்கையோடு நிற்க அவர் வெட்கப்படவில்லை. அதுதான் என்னைத் தொட்டது.

அறைத் தோழன் ஒரு கேள்வி கேட்டான். “மன்னிப்பு முன்னாலேயே உண்டுன்னா, தைரியமா ஏழையும் அடிச்சிட்டு அப்புறம் மன்னிப்புக் கேட்டுக்கலாமேடா?” நல்ல கேள்வி. பவுல் அப்போஸ்தலனே ரோமருக்கு எழுதிய நிருபத்தில் இதே கேள்வியை எழுப்பி மறுக்கிறார். வனாந்தரக் கதையிலும் இது இருக்கிறது. தேவாலயத்தின் உச்சியிலிருந்து குதி, தூதர்கள் தாங்கிக்கொள்வார்கள் என்று வேத வாக்கைக் காட்டியே சோதனைக்காரன் அழைக்கிறான். வாக்குறுதி உண்மைதான். அதனால் குதிக்கலாம் என்று ஆகாது. இதற்குமேல் அவனுக்குச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. அவனும் அதற்குமேல் கேட்கவில்லை, மெஸ்ஸில் மணி அடித்துவிட்டது.

ஞாயிறு இரவு அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டு 31 துளிகளையும் எழுதினேன். அண்ணனும் நானும் அந்த ஏழையும் உட்கார்ந்து ஆராய்ந்தோம். மூன்று துளிகளில் குற்றம் அகப்பட்டது. வோல்ட் அளவை நான் தவறாகப் படித்திருந்தேன். நான்குக்குக் காரணம் அகப்படவில்லை. அப்படியே எழுதி ஒப்படைத்தேன். முடிவு தெளிவாக இல்லை என்று ஒரு படி குறைத்தே மதிப்பெண் வந்தது. நேர்மைக்காகக் கூட்டிப் போடுவார்கள் என்று உள்ளுக்குள் ஒரு நப்பாசை இருந்தது என்பதையும் மறைப்பானேன்! அப்பாவிடம் தொலைபேசியில் சொன்னேன். சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “கோடை லீவுக்கு டிக்கெட் போட்டாச்சா?” என்று கேட்டார்.

அந்த நான்கு துளிகள் இன்னும் என் குறிப்பேட்டில் இருக்கின்றன. விடுமுறை முடிந்து வந்ததும் மறுபடி அளக்கப்போகிறேன். காற்றோட்டமா, தூசியா, என் கண்ணா என்று தெரியவில்லை. நேரம் குறிக்க இன்னொருவர் இருந்தால் நலம். இரவு பத்து மணிக்குமேல் விழித்திருக்கக்கூடிய தோழர் யாரேனும் இருந்தால், எத்துறையினராயினும் சரி, என் அறைக் கதவைத் தட்டலாம். தேநீர் என் செலவு.