வயதுக்கு விலை

ஸ்காட்லாந்து விஸ்கியைப் பற்றி இந்தப் பக்கத்தில் எழுத வந்திருப்பதைக் கண்டு, மதுவிலக்கில் பற்றுள்ள நேயர்கள் முகம் சுளிக்க வேண்டாம். யாரையும் குடிக்கச் சொல்வது நமது நோக்கமன்று. மது விஷயத்தில் தீங்கில்லாத அளவு என்று ஒன்று கிடையாது என உலக சுகாதார ஸ்தாபனத்தார் 2023-ம் வருஷத்திலேயே சொல்லிவிட்டார்கள். அதற்கு மேல் நாம் சொல்ல என்ன இருக்கிறது?

நமக்கு ஏற்பட்டிருக்கும் சந்தேகம் வேறு. ஒரு பொருளுக்கு வயது ஏற ஏற விலையும் ஏறுகிறதே, ருசியும் கூடவே ஏறுகிறதா? அப்படியே ஏறினாலும், அதை ருசிக்க வேண்டிய மனிதனுக்கும் வயது ஏறிக்கொண்டுதானே இருக்கிறது? இதை ஆராய்வதற்கு 'ஸிங்கிள் மால்ட்' என்னும் ஸ்காட்லாந்து விஸ்கியைக் காட்டிலும் வாய்ப்பான சரக்கு வேறில்லை.

பெயரைக் கேட்டதும் ஒரே பீப்பாயிலிருந்து எடுத்தது போலும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியன்று. முளை கட்டிய பார்லியை மட்டுமே தானியமாகக் கொண்டு, ஒரே வடிசாலையில், செப்புக் கொப்பரைகளில் காய்ச்சி வடித்தது என்பதே பொருள். அந்த ஒரு வடிசாலையின் நூறு பீப்பாய்களை ஒன்றாகக் கலந்தாலும் அது ஸிங்கிள் மால்ட்தான். வடித்த சரக்கு ஓக் மரப் பீப்பாயில், ஸ்காட்லாந்து மண்ணிலேயே, குறைந்தது 3 வருஷம் கிடக்கவேண்டும் என்பது சட்டம்.

இந்தச் சட்டம் பிறந்த கதை ரஸமானது. முதல் உலக யுத்தத்தின்போது, ஆயுதத் தொழிற்சாலைகளில் குடியினால் வேலை கெடுகிறது என்று பிரிட்டிஷ் மந்திரி லாயிட் ஜார்ஜ் மதுவின்மீது போர் தொடுத்தார். மதுவை அடியோடு நிறுத்திவிடவும் யோசித்துப் பார்த்தார், நடக்கவில்லை. கடைசியில், இளஞ்சாராயத்தை விற்கக் கூடாது என்று 1915-ல் ஒரு சட்டம் வந்தது. முதலில் 2 வருஷம் என்றிருந்த கெடு மறு வருஷம் 3 ஆயிற்று. மதுவை ஒடுக்குவதற்கென்று போட்ட கட்டுப்பாடு, நாளடைவில் விஸ்கிக்கே ஒரு கௌரவப் பட்டமாகப் போய்விட்டது! இன்று புட்டியின்மேல் 12 என்றும் 18 என்றும் பெருமையுடன் எழுதுகிறார்களே, அந்தப் பெருமைக்கு அஸ்திவாரம் போட்டவர்களில் மதுவின் பரம விரோதி ஒருவரும் உண்டு.

அந்த எண்ணைச் சற்றே கவனிக்கவேண்டும். புட்டியில் கலந்திருப்பவற்றுள் மிக இளையது எதுவோ அதன் வயதைத்தான் போடலாம். 30 வருஷச் சரக்கு நிறைந்த அண்டாவில் 10 வருஷச் சரக்கு ஒரு கரண்டி விழுந்தால், அண்டா முழுவதற்கும் வயது 10. அந்த மட்டில் யோக்கியமான விதிதான். நிறத்தை மட்டும் நம்பிவிடக் கூடாது. கருகின சர்க்கரைப் பாகினால் நிறமூட்டுவதைச் சட்டம் அனுமதிக்கிறது. பொன்னிறத்தைக் கண்டு வயதைக் கணிப்பது, மீசைக்கு மை பூசிய மாப்பிள்ளையைக் கண்டு வயதைக் கணிப்பது போலத்தான்.

இனி விலைக்கு வருவோம். பள்ளிக்கூடத்தில் கூட்டு வட்டி சொல்லிக் கொடுக்கும் தொழில் நம்முடையதாதலால், இந்த இடத்தில் சும்மா இருக்க முடியவில்லை. ஸ்காட்லாந்தின் குளிரிலும் பீப்பாயிலிருந்து வருஷத்துக்குச் சுமார் 2 சதவிகிதம் ஆவியாகப் போய்விடுகிறது. 'தேவதைகளின் பங்கு' என்று அதற்கு அழகாகப் பெயர் வைத்திருக்கிறார்கள். 200 லிட்டர் நிரப்பிய பீப்பாயில் 12 வருஷம் கழித்து ஏறக்குறைய 157 லிட்டர் இருக்கும். 25 வருஷத்தில் 121. 40 வருஷத்தில் 89. கூட்டு வட்டி தலைகீழாக நின்று வேலை செய்கிறது! போதாக்குறைக்கு, அந்நாட்டில் சாராயச் சத்தும் நாளாக நாளாகக் குறைகிறது. அது 40 சதவிகிதத்துக்குக் கீழே போய்விட்டால் அந்தச் சரக்கை விஸ்கி என்று விற்கவே முடியாது. ஆக, கிழப் பீப்பாய் ஒன்றைக் காவல் காப்பது, கிழவர் ஒருவரின் நாடியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது போன்ற காரியம்.

சர்க்கார் வரியினால்தான் பழைய விஸ்கிக்கு விலை அதிகம் என்பாரும் உண்டு. பிரிட்டனைப் பொறுத்தவரை இது சரியன்று. அங்கே தீர்வை சாராயச் சத்தின் அளவுக்கே ஒழிய வயதுக்கு அன்று. 2025 பிப்ரவரியில் ஏற்பட்ட விகிதப்படி, 40 சதவிகிதச் சத்துள்ள 70 சென்டிலிட்டர் புட்டிக்கு 9 பவுனுக்குச் சற்று மேல்; சரக்கு 3 வருஷத்ததானாலும் 30 வருஷத்ததானாலும் அதே தீர்வைதான். விலை வித்தியாசமெல்லாம் ஆவியாய்ப் போனதற்கும், முடங்கிக் கிடந்த முதலுக்கும், கிடைப்பதற்கு அரிது என்ற பெயருக்குமே. கடைசியில் சொன்ன பெயர் மற்ற இரண்டையும் விழுங்கிவிடக் கூடியது. 1926-ல் மக்காலன் வடிசாலையில் வடித்து, 60 வருஷம் பீப்பாயில் கிடந்து, 1986-ல் 40 புட்டிகள் மட்டுமே தேறிய ஒரு விஸ்கி உண்டு. அவற்றுள் ஒரு புட்டி 2023 நவம்பரில் லண்டன் ஏலத்தில் 21 லட்சம் பவுனுக்கு மேல் விலை போயிற்று. அந்த விலை கொடுத்தவர் அதைத் திறப்பாரா? திறந்தால் ஒரு மடக்கு எத்தனை ஆயிரம் பவுன் என்ற கணக்கு தொண்டையை அடைத்துவிடாதோ?

ஐலா தீவிலுள்ள போர்ட் எல்லன் வடிசாலையின் கதை இன்னும் வேடிக்கை. விஸ்கி தேவைக்கு மேல் பெருகிக் கிடந்த காலத்தில், 1983-ல் அதை மூடினார்கள். வேண்டாம் என்று கதவடைத்த பிறகு, மிச்சமிருந்த பீப்பாய்களின் சரக்குக்கு உலகமெங்கும் கிராக்கி பிறந்தது. புட்டி ஆயிரம் பவுனைத் தாண்டியது. 2024-ல் மறுபடியும் திறந்திருக்கிறார்கள். அன்று சாதாரண விலைக்கு வாங்கிச் சாதாரணமாகக் குடித்தவர்களுக்கு, தாங்கள் குடித்தது ஓர் அபூர்வம் என்பது தெரியாது. தெரியாததனாலேயே நிம்மதியாக ருசித்திருப்பார்கள் என்று தோன்றுகிறது.

சரி, ருசி? வயதானது எல்லாம் உயர்ந்தது என்ற கட்சியை நாம் ஒப்புக்கொள்வதற்கில்லை. பீப்பாயில் நடப்பது வெறும் காத்திருத்தல் அன்று. மரத்துக்கும் சரக்குக்கும் நடக்கும் கொடுக்கல் வாங்கல். அமெரிக்காவில் பூர்பன் விஸ்கிக்கு ஒவ்வொரு தடவையும் உட்புறம் கரித்த புது ஓக் பாத்திரமே வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. ஒருமுறை உபயோகித்த பீப்பாய்களை அங்கிருந்து ஸ்காட்லாந்துக்காரர்கள் வாங்கி வருகிறார்கள். அவை வெனிலா வாசனையையும் தேங்காயை நினைவூட்டும் ஓர் இனிப்பையும் கொடுக்கும். ஸ்பெயின் தேசத்து ஷெர்ரி திராட்சை மது ஊறிய பீப்பாயானால், உலர்ந்த திராட்சையும் கிராம்பும் சேர்ந்த மணம். ஆனால் மரம் கொடுப்பதற்கும் ஓர் அளவு உண்டு. அளவு மீறினால் சரக்கின் குணம் போய் மரக் கசப்புதான் நிற்கும். ஊறுகாய் ஜாடியைக் காலத்தில் திறக்காமல் விட்டவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ஐலா தீவு விஸ்கிகளின் நேர்த்தி வேறு விதம். சதுப்பு நிலத்தில் மக்கிக் கிடக்கும் பீட் என்னும் மண்கட்டியை எரித்து, அந்தப் புகையில் பார்லியை உலர்த்துகிறார்கள். ஆர்ட்பெக், லாப்ராய்க் முதலியவற்றில் அடுப்புப் புகையும் டிஞ்சர் அயோடினும் கலந்தாற்போல் ஒரு நெடி வீசும். 'ஆஸ்பத்திரி வாசனை' என்று ஒருவர் மூக்கைப் பிடித்துக்கொள்வார். அடுத்தவர் அதற்காகவே உயிரை விடுவார். வயது ஏறினால் இந்தப் புகை தணிந்துவிடுகிறது. ஆகவே புகையை நாடுகிறவனுக்கு 10 வருஷத்துப் புட்டியே மேல்; மலிவுங்கூட. நாம் எந்தக் கட்சி என்று வற்புறுத்திக் கேட்டால், மூக்களவில் புகைக் கட்சி என்று மட்டும் சொல்லுவோம்.

இங்கேதான் மனிதனின் வயது குறுக்கே வந்து நிற்கிறது. இளமையில் நாக்கும் மூக்கும் கூர்மையாயிருக்கின்றன, கையில் பணமில்லை. பணம் சேரும்போது, மோப்ப சக்தி விடைபெறத் தொடங்குகிறது. பீப்பாயை விட்டுக் கண்ணாடிப் புட்டியில் புகுந்த விஸ்கிக்கு அதற்குமேல் வயதாவதில்லை. அலமாரியில் அதைப் பூட்டி வைத்திருப்பவருக்கு ஆகிறது.

நமக்குத் தெரிந்த பெரியவர் ஒருவர் எடின்பரோவில் நெடுங்காலம் வைத்தியத் தொழில் செய்து ஓய்வு பெற்றவர். குமாரி பிறந்தபோது 25 வருஷத்துப் புட்டி ஒன்று வாங்கி, அவளுடைய கல்யாணத்தன்று திறப்பதென்று வைத்திருந்தார். பெண் மேலும் மேலும் படித்தாள். கல்யாணம் தள்ளிப் போயிற்று. போன வருஷம் ஒருவழியாகப் புட்டியைத் திறந்தார்கள். பெரியவர் கிண்ணத்தை மூக்கருகே கொண்டுபோய் வெகுநேரம் வைத்திருந்தார். பிறகு மகளிடம் நீட்டி, "என்னம்மா வாசனை வருகிறது, சொல்லு" என்றாராம். அவள் முகர்ந்து பார்த்து, ஆரஞ்சுத் தோல், தேன், பழைய புஸ்தக அலமாரி என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வர, அவர் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். மிச்சத்தை மாப்பிள்ளையிடம் கொடுத்துவிட்டார். தமக்கென்று மறு வாரம் 10 வருஷத்து ஐலா விஸ்கி ஒன்று வாங்கிக்கொண்டாராம். அந்தப் புகை மட்டும் இன்னும் அவருக்கு எட்டுகிறது.